விரால் தூண்டிலில் போலி இரை

போலி இரை என்பது புழு, தவளை, சிறுமீன் போன்ற உயிருள்ள இரைக்கு மாற்றாக மரம், நெகிழி, இரப்பர், உலோகம் ஆகியவற்றால் செய்து தூண்டில் முள் பொருத்தப்பட்ட கருவியாகும். தூண்டில் போடுவோர் பேச்சுவழக்கில் இதனை லூர் என்பர். மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் உள்ள கண்மாய்களில் விரால் பிடிப்பதற்குப் போலி இரையைத் தேர்ந்தெடுப்பதும் கையாளுவதும் இக்கட்டுரையின் பொருளாகும். வட அமெரிக்காவில் மஸ்கி என்னும் பெரிய மீனைப் பிடிக்கப் பெரிதும் பயன்படுவதும், கிளைடு பெய்ட் எனப்படுவதுமான சறுக்கு இரை இப்பகுதி நீர்நிலைகளுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதும் இங்கே விளக்கப்படுகிறது. பொதுவாக, செடிகொடி மூடிய கண்மாய்க்கு முள் மறைந்த தவளை வடிவ இரையும், திறந்த ஆழ்நீருக்குச் சறுக்கு இரையும் ஏற்றவை.

விராலின் இயல்பு

விரால் பாம்புத்தலை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் அறிவியற் பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா. இலக்கிய வழக்கில் வரால் என்றும் வழங்கும். செருமானிய இயற்கை அறிஞர் மார்க்கஸ் எலியேசர் புளோக் 1793 ஆம் ஆண்டில் இதனை அறிவியல் முறைப்படி விவரித்தார். புளோக்குக்குத் தென்னிந்திய மீன்களை அனுப்பி உதவியவர்களுள் தரங்கம்பாடியில் வாழ்ந்த மதபோதகர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் குறிப்பிடத்தக்கவர். ஜோனியஸ் என்ற கடல்மீன் பேரினத்துக்குப் புளோக் அவருடைய பெயரையே இட்டார். விராலைவிடப் பெரிதாக வளரும் அவுரியும், சிறிய குறவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இப்பெயர்கள் ஊருக்கு ஊர் சற்று மாறி வழங்குகின்றன.

தூண்டில் போடுபவர் அறிந்திருக்க வேண்டிய பண்புகள் இரண்டு. முதலாவது, விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுளுக்கு மேலே உள்ள அறைகளில் காற்றை நிரப்பிக்கொள்வதற்காக அது அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வரும். வளர்ந்த விரால் மேலே வர இயலாதவாறு நீருக்குள்ளேயே தடுத்து வைக்கப்பட்டால் மூச்சுத் திணறி இறந்துவிடும். சந்தையில் சிறிதளவு தண்ணீர் உள்ள பாத்திரத்தில் விராலை உயிருடன் வைத்து விற்க முடிவதற்கும் இப்பண்பே காரணம். மூச்சு வாங்க வரும்போது நீரில் தோன்றும் வளையமும் குமிழும் மீன் நிற்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கின்றன.

இரண்டாவது, விரால் பதுங்கித் தாக்கும் மீன். தாமரை இலையின் நிழலிலோ கோரையின் ஓரத்திலோ அசையாமல் நின்று, எட்டும் தொலைவில் கடந்து செல்லும் தவளையையோ கெண்டைக் குஞ்சையோ ஒரே பாய்ச்சலில் கவ்வும். இரையை நெடுந்தொலைவு துரத்துவது இதன் வழக்கமன்று. ஆகவே இரையைப் பல இடங்களில் வீசிப் பார்ப்பதைவிட, மீன் பதுங்கக்கூடிய இடத்துக்கு மிக அருகில் வீசுவதே பயன் தரும்.

பழைய தூண்டில்

விராலைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் காட்சி சங்க இலக்கியத்திலேயே காணப்படுகிறது. அகநானூற்றின் 36 ஆம் பாடலை இயற்றியவர் மதுரை நக்கீரர். இரும்பு முள்ளில் மாட்டிய இரையை விழுங்கிய ஆண் வரால் ஒன்று ஆம்பல் இலைகள் கிழியவும் குவளை மலர்கள் சிதையவும் பாய்ந்து, வள்ளைக் கொடிகளைச் சிக்கலாக்கி, தூண்டில்காரன் இழுக்கும் திசைக்கு வர மறுத்து, கயிற்றில் கட்டிய சினங்கொண்ட காளையைப் போலக் குளத்தையே கலக்குவதாக அப்பாடல் வருணிக்கிறது. தலையாலங்கானப் போரும் வையைப் புதுப்புனலும் அதே பாடலில் இடம்பெறுகின்றன. இன்று தாமரை படர்ந்த கண்மாயில் விரால் மாட்டினால் நடப்பதும் இதுவே. மீனைக் கவர்வதைக் காட்டிலும் கொடிகளுக்கு நடுவிலிருந்து அதைக் கரை சேர்ப்பதே கடினம் என்பதை அப்புலவர் அறிந்திருந்தார் எனலாம். (பாண்டியர் கொடியில் உள்ள மீன் கயல் ஆகும், அது விரால் என்று சிலர் கருதுவது தவறு.)

மூங்கில் கோல், நரம்பு என்று அழைக்கப்படும் நைலான் இழை, தக்கை, ஒற்றை முள், முள்ளில் மாட்டிய உயிருள்ள சிறு தவளை ஆகியவை கொண்ட தூண்டிலே இப்பகுதியில் விராலுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி 1873 ஆம் ஆண்டில் ஒரு நூலும், ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றி மட்டும் 1887 ஆம் ஆண்டில் மற்றொரு நூலும் வெளியிட்டார். வெள்ளையரின் பொழுதுபோக்கு நூல்களுக்கே உரிய மிடுக்கு அவற்றில் உண்டென்றாலும், கண்மாய் மீன்களின் பழக்கங்களை அறிய விரும்புவோருக்கு அவை இன்றும் பயன்படும்.

உயிருள்ள தவளையைப் பயன்படுத்துவதில் இரு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, அவ்விலங்கு படும் துன்பம். மற்றொன்று சட்டம். தவளைக்கால் ஏற்றுமதியால் வயல்களில் தவளைகள் குறைந்ததை அடுத்து இந்திய அரசு 1987 ஆம் ஆண்டில் அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. இந்தியப் பெருந்தவளை காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பிலும் உள்ளது. விரால் தூண்டிலில் போலித் தவளையைப் பயன்படுத்த இவையே போதிய காரணங்களாகும்.

போலித் தவளை புதியதன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தேனீ வளர்த்து வந்த ஜேம்ஸ் ஹெடன் 1890களின் இறுதியில் மரத்தில் செதுக்கிய தவளையைத் தூண்டில் இரையாக்கினார். பின்லாந்தில் லவுரி ராப்பாலா 1936 ஆம் ஆண்டில் தக்கை மரப்பட்டையைச் சிறுமீன் வடிவில் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை அதன்மேல் ஒட்டினார். அவர் பெயர் இன்றும் இத்துறையில் ஒரு வணிகப் பெயராக நிலைத்துள்ளது.

மஸ்கியும் சறுக்கு இரையும்

மஸ்கி அல்லது மஸ்கலஞ்சு வட அமெரிக்காவின் பேரேரிகள், மேல் மிசிசிப்பி ஆறு, செயின்ட் லாரன்ஸ் ஆறு ஆகியவற்றின் படுகைகளில் வாழும் நன்னீர் மீனாகும். விசுக்கான்சின் மாநிலத்தின் மாநில மீனும் இதுவே. 50 அங்குலத்தைத் தாண்டிய மஸ்கியைப் பிடிப்பதை அங்குள்ள தூண்டில்காரர்கள் பெரும் சாதனையாகக் கருதுகின்றனர். எண்ணிக்கையில் குறைவான இம்மீன் எளிதில் இரையைக் கவ்வாது. இரையின் பின்னாலேயே படகு வரை வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றுவிடும். பத்தாயிரம் முறை வீசினால் ஒரு மீன் கிடைக்கும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

விராலும் மஸ்கியும் உறவற்ற மீன்கள். எனினும் நீண்ட உடல், அகன்ற வாய், கூரிய பற்கள், செடியோரம் பதுங்கும் பழக்கம் ஆகியவற்றில் ஒத்திருக்கின்றன. பதுங்கி நிற்கும் மீனின் பார்வையில், நேர்கோட்டில் சீராக நீந்திச் செல்லும் மீனைவிட, தடுமாறித் திசைமாறி நின்று நின்று செல்லும் மீனே எளிய இரை. சறுக்கு இரை இந்தத் தடுமாற்றத்தை உண்டாக்குவதற்காக வடிவமைக்கப்பட்டது.

இது பக்கவாட்டில் தட்டையான, மீன் போன்ற கட்டையாகும். நீந்தும் போலி மீன்களின் வாயில் காணப்படும் நாக்குப் போன்ற தகடு இதில் இராது. உள்ளே வைக்கப்பட்ட எடையால் மெதுவாக மூழ்கும், அல்லது நீரின் நடுவே மிதந்து நிற்கும். கோலின் நுனியைச் சட்டென்று தட்டினால் இரையின் மூக்கு ஒரு பக்கம் திரும்புகிறது. அக்கணமே இழையைத் தளர்த்திவிட்டால், பெற்ற உந்தத்தால் கட்டை திரும்பிய திசையிலேயே சறுக்கிச் செல்கிறது. மறுபடியும் தட்டும்போது மறுபக்கம் திரும்புகிறது. இவ்வாறு இடமும் வலமுமாக அகன்ற வளைவுகளில் இரை முன்னேறும். மாடியிலிருந்து நழுவவிட்ட காகிதத் தாள் இருபுறமும் சாய்ந்து சாய்ந்து இறங்குவதை இதற்கு ஒப்பிடலாம்.

இதில் இன்றியமையாதது தளர்வு. புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் தட்டுவதில் தவறு செய்வதில்லை. தட்டிய பின் இழையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதே அவர்களின் தவறு. இழை விறைப்பாக இருந்தால் மூக்கு முன்னோக்கி இழுபட்டு இரை நேராக வந்துவிடும். தட்டிய உடனே கோலின் நுனியை இரையை நோக்கித் திருப்பிக் கொடுத்து, ரீலின் கைப்பிடியைக் கால் அல்லது அரைச் சுற்று மட்டும் சுற்றித் தளர்ந்த இழையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டு, தளர்வு, சிறு நிறுத்தம் என்ற ஒழுங்கு கைக்கு வர ஓரிரு மணி நேரப் பயிற்சி தேவைப்படும். மீன் கவ்வுவது பெரும்பாலும் நிறுத்தத்தின்போதுதான்.

மஸ்கிக்கான சறுக்கு இரைகள் 15 முதல் 25 செ.மீ. வரை நீளமுள்ளவை. சிலவற்றின் எடை 150 கிராமைத் தாண்டும். அவற்றை வீச 8 அடி அல்லது அதற்கும் நீண்ட விறைப்பான கோலும், மிக வலுவான பின்னல் இழையும், பல்லால் அறுபடாமல் இருக்க இரைக்கு முன்னால் உலோகக் கம்பி அல்லது தடித்த புளோரோகார்பன் இழையும் தேவை. இரை படகை நெருங்கியதும் வெளியே எடுத்துவிடாமல், கோலின் நுனியை நீருக்குள் விட்டு எட்டு என்ற எண்ணின் வடிவில் அகலமாகச் சுழற்றுவது மஸ்கி தூண்டிலில் எழுதப்படாத விதி. பின்தொடர்ந்து வரும் மீன் அப்போது கவ்வக்கூடும்.

கண்மாய்க்கு ஏற்ற இரை

மதுரைப் பகுதிக் கண்மாய் பேரேரி போன்றதன்று. ஒரு பக்கம் மண் கரை, அதில் மடைகள், உபரி நீர் வழியும் கலுங்கு, எதிர்ப்புறம் ஆழம் குறைந்த உள்வாய் என்ற அமைப்புடையது. வடகிழக்குப் பருவமழையிலோ வைகைப் பாசன நீரிலோ நிரம்பி, கோடையில் வற்றும். உள்வாய் முழுவதும் தாமரை, அல்லி, கோரை, சம்பு, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவை நிற்கும். பல இடங்களில் ஆகாயத்தாமரை நீர்மட்டத்தையே மூடியிருக்கும். தல்லாகுளம் என்ற பெயரே ஒரு நீர்நிலையைச் சுட்டினாலும் இன்று அது வைகையின் வடகரையில் உள்ள நெரிசலான நகர்ப்பகுதி. அங்கிருந்து அருகில் உள்ள பெரிய நீர்ப்பரப்பு வண்டியூர்க் கண்மாய். வைகையின் தென்புறத்தில் மாடக்குளம் கண்மாய் உள்ளது.

இத்தகைய நீரில், வயிற்றில் இரண்டு மும்முனை முட்கள் தொங்கும் சறுக்கு இரையை வீசினால் முதல் வீச்சிலேயே தாமரைத் தண்டில் மாட்டிக்கொள்ளும். விலை உயர்ந்த இரை போவதோடு, அறுந்த இழை நீர்க்கோழிகளின் காலில் சிக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே இங்கே முதல் தேர்வு உட்குழிவான மென் தவளை. இது 4 முதல் 6 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 8 முதல் 15 கிராம் எடையும் உடைய, நீரில் மிதக்கும் இரப்பர் அல்லது நெகிழிப் பொம்மையாகும். இதன் இரட்டை முள் மேல்நோக்கி வளைந்து முதுகோடு ஒட்டிப் படிந்திருப்பதால் இலைகளின்மேல் இழுத்தாலும் மாட்டாது. மீன் கடிக்கும்போது உட்குழிவான உடல் நசுங்கி முள்ளின் நுனி வெளிப்படுகிறது.

வாங்கும்போது உடலை விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். எளிதில் நசுங்காத தவளை கடையில் அழகாக இருக்கும். நீரில் மீன் அதைக் கடித்துவிட்டுத் தப்பிவிடும். முள்ளின் தடிமனும் முக்கியம். மெல்லிய முள் பெரிய விராலின் இழுப்பில் நிமிர்ந்துவிடும். நிறத்தைப் பற்றித் தூண்டில்காரர்களிடையே முடிவற்ற விவாதம் உண்டு. கலங்கிய கண்மாய் நீரில் கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் ஒளியில் தெரிவது இரையின் நிழலுருவமே என்பதால், கறுப்பு அல்லது கரும்பச்சை போதுமானது. பத்து நிறங்களில் பத்துத் தவளை வாங்குவதைவிட ஒரு நல்ல முள் உள்ள இரண்டு தவளை மேல்.

இழை விஷயத்தில் சிக்கனம் கூடாது. நைலான் நரம்பு நீளும் தன்மை உடையது. தொலைவில் கடித்த மீனின் தடித்த வாயில் முள் ஏற அது உதவாது. 15 முதல் 20 கிலோ வரை தாங்கும் பின்னல் இழையே கொடிகளை அறுத்துக்கொண்டு மீனை இழுத்துவர ஏற்றது. கோல் 6½ அல்லது 7 அடி நீளத்தில், நுனி மட்டும் சிறிது வளைந்து நடுப்பகுதி விறைப்பாக உள்ளதாக இருக்க வேண்டும்.

வீசும் முறை

விடியற்காலையும் மாலையும் ஏற்ற வேளைகள். கோடையின் உச்சி வெயிலில் விரால் அடர்ந்த இலை நிழலுக்குள் ஒதுங்கும். மடையின் அருகே உள்ள ஆழப்பகுதி, வரத்துக்கால் கண்மாயில் சேரும் இடம், கலுங்குக்குக் கீழே தேங்கிய நீர், தாமரைப் பரப்பில் ஆங்காங்கே தெரியும் திறப்புகள் ஆகியவை விரால் நிற்கும் இடங்கள்.

தவளையை மீன் இருக்கும் என்று கருதும் இடத்தின்மேல் நேராக எறியக் கூடாது. ஒன்றிரண்டு மீட்டர் தாண்டி இலையின்மேல் விழச் செய்து, மெல்ல இழுத்துத் திறந்த நீருக்குள் நழுவவிட்டு, நீரின் வளையங்கள் அடங்கும்வரை நிறுத்த வேண்டும். பிறகு இரண்டு மூன்று சிறு துள்ளல்கள், மறுபடி நிறுத்தம். நீர் வெடித்ததுபோல மீன் தாக்கும். அந்த ஓசையைக் கேட்டவுடன் கோலை இழுப்பது எல்லாரும் செய்யும் பிழை. தவளை மீனின் வாயிலிருந்து பறந்து வந்து கரையில் விழும். கோலின் நுனியைத் தாழ்த்தி, ஓரிரு நொடி கழித்து இழையில் எடை தெரிந்த பின்பே வலுவாகச் சுண்டி இழுக்க வேண்டும். அதன்பின் தாமதம் கூடாது. மீன் தலையைத் தாமரை வேருக்குள் நுழைப்பதற்கு முன் அதை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து இலைகளின்மேல் வழுக்கி வரச் செய்ய வேண்டும்.

சறுக்கு இரைக்கு இப்பகுதியில் இடம் இல்லாமலில்லை. கோடையின் தொடக்கத்தில் செடிகள் காய்ந்து மடையோரம் மட்டும் நீர் தேங்கிய கண்மாய், அணைகளின் நீர்த்தேக்கம், ஆற்று மடுக்கள் ஆகியவற்றில் அது பயன்படும். இங்கே 8 முதல் 12 செ.மீ. நீளமுள்ள சிறிய வகையே போதும். ஆற்றில் வாழும் வாளை மீனும் இதைக் கவ்வும். அதன் பல்வரிசைக்குத் தடித்த முன்னிழை அவசியம். கரையிலிருந்து வீசுவோர் எட்டு வடிவில் சுழற்றுவதற்குப் பதிலாக, கடைசி இரண்டு மீட்டரில் இரையை ஒருமுறை முழுவதும் நிறுத்திப் பார்க்கலாம்.

மும்முனை முட்களுக்குப் பதில் ஒற்றை முட்களை மாட்டினால் சிக்கல் குறையும். ஆனால் முள்ளின் எடை மாறும்போது இரை மூழ்கும் வேகமும் மாறும். மிதந்து நின்றது மேலே எழும்பத் தொடங்கலாம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இட்டு, இரை சாயாமல் மெதுவாக இறங்குகிறதா என்று பார்த்து, தேவையானால் வயிற்றுப் பகுதியில் சிறிது ஈயத் தகடு ஒட்டிச் சரிசெய்யலாம்.

முள்ளை அகற்ற நீண்ட மூக்குக் குறடு வேண்டும். முள்ளின் செதிலைக் குறடால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் பிடிப்பவர் விரலுக்கும் காயம் குறையும். கண்மாயில் இறங்குவது இரையை மீட்கக்கூடத் தகாது. மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் திடீரென ஆழமாக இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அவற்றில் மூழ்கி இறந்துள்ளனர்.

குஞ்சு காக்கும் விரால்

மழைக்காலத்தில் விரால் ஆழமற்ற செடிப்பகுதியில் செடிகளை விலக்கிச் சிறு வெளி அமைத்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். பெற்றோர் முட்டைகளையும் பின்னர்ச் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டத்தையும் காவல் காக்கின்றன. குஞ்சுகள் மூச்சு வாங்கக் கூட்டமாக மேலே வரும்போது நீர் கொதிப்பதுபோலத் தோன்றும். அதற்குக் கீழே பெரிய விரால் நிற்பது உறுதி. அப்போது அதன்மேல் வீசப்படும் எதையும், பசி இல்லாவிட்டாலும், குஞ்சுகளைக் காக்கும் சினத்தால் அது தாக்கும்.

போலி இரையால் விராலைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை; சில நாடுகளில் இதனையே ஒரு தனி உத்தியாகச் சொல்லித் தருகின்றனர். உயிருள்ள தவளையைத் தக்கையில் தொங்கவிட்டுக் காத்திருந்த பழைய முறையில் மீன் பசித்து வந்து கவ்வ வேண்டும். போலி இரையோ குஞ்சுக் கூட்டத்தின்மேல் திரும்பத் திரும்ப வீசித் தாய்மீனைச் சினமூட்ட இடம் தருகிறது. காவல் நீங்கினால் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பிற மீன்களும் பறவைகளும் சிறிது நேரத்தில் தின்றுவிடும். ஒரு சிறு கண்மாயில் அந்தப் பருவத்தில் இருப்பது மிகச் சில இணைகளாகவே இருக்கலாம். எனவே குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் இரையைச் சுருட்டிக்கொண்டு வேறு இடத்துக்குச் செல்வதே முறை. தவறி மாட்டிய காவல் மீனை ஈரக் கையால் பிடித்து, முள்ளை அகற்றி, பிடித்த இடத்திலேயே உடனே விட வேண்டும்; கரையில் வைத்துப் படம் எடுக்கும் நேரத்துக்குள் குஞ்சுக் கூட்டம் சிதைந்துவிடக்கூடும்.

மீன்பாசி உரிமையும் ஊர் வழக்கமும்

கண்மாய் பொதுச் சொத்தாயினும் அதிலுள்ள மீன் பெரும்பாலும் மீன்பாசி ஏலத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ விடப்பட்டிருக்கும். ஏலம் எடுத்தவரின் இசைவின்றித் தூண்டில் போடுவது அவர் குஞ்சு விட்டு வளர்த்த மீனைக் கவர்வதாகும். தூண்டில் என்றால் சிலர் பெருந்தன்மையுடன் விட்டுவிடுவர், கேட்டுக்கொள்வது நல்லது.

ஏலம் விடாத கண்மாய்களிலும் கட்டுப்பாடு இருக்கலாம். மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் மாவட்டங்களின் பல ஊர்களில் கண்மாய் மீனை ஆண்டு முழுவதும் யாரும் பிடிப்பதில்லை. கோடையில் நீர் வற்றும்போது நாள் குறித்து மீன்பிடித் திருவிழா நடத்துவர். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு, கரையில் நின்று வெள்ளைத் துணியை வீசியதும், சுற்று வட்டாரத்திலிருந்து வந்து காத்திருக்கும் மக்கள் ஊத்தா, கச்சா, பரி, வலை ஆகியவற்றுடன் ஒரே நேரத்தில் இறங்குவர். விரால், கெண்டை, கெளுத்தி, ஜிலேபி என்று கிடைத்ததை எடுத்துச் சென்று வீட்டில் சமைப்பதே வழக்கம்; பல ஊர்களில் அதை விற்பதில்லை. அவ்வூர்க் கண்மாய்களில் திருவிழாவுக்கு முன் போலி இரையோ வேறு எந்தத் தூண்டிலோ போடுவது ஊர்க் கட்டுப்பாட்டை மீறுவதாகும்.